அப்பா துடைத்துக் கொடுத்த வில்

என் அக்கா மாதிரி அழுத்தக்காரியைப் பார்க்க முடியாது. பத்து வருடம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயலின் வாசித்தாள். கூடத்தில் வாசித்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் தச்சர். "இந்த வீட்ல ரம்பச் சத்தம் பத்தாதா?" என்பார்.

பதினெட்டு வயது முடிந்தவர்களை எங்கள் ஊர் இசைக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். அக்காவுக்கு அடுத்த மாதம் முடிய இருந்தது. அந்த வருட நுழைவுத் தேர்வை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

தேர்வு நாள் காலை, கை அலுத்துவிடும் என்று அவள் வாசிக்கவில்லை. அவள் குளிக்கப் போனபோது அப்பா வயலின் பெட்டியைத் திறந்தார். வில்லின் மயிரெல்லாம் வெள்ளைப் பொடி. "பாரு, எவ்ளோ தூசி! பெரியவங்க முன்னாடி இப்படியா கொண்டு போறது?" என்று அங்கலாய்த்துக்கொண்டே, நாற்காலிக்குப் பூசும் பாலிஷ் எண்ணெயைத் துணியில் தொட்டு அழுத்தித் துடைத்தார். அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே அன்றுதான். நானும் மண்டு மாதிரி பக்கத்தில் நின்று, "இன்னும் நல்லா தேய்ங்கப்பா" என்றேன்.

அது தூசி இல்லை, பிசின் பொடி. அது இருந்தால்தான் வில் கம்பியைப் பற்றும். எண்ணெய் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

முதல் ஆளாக அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். அவள் வில்லை இழுத்தாள். வெறும் காற்றுதான் சீறியது. பிசின் கட்டியை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள், ஒட்டவில்லை. வில்லை முகர்ந்து பார்த்தாள். அந்த வாசனை எங்கள் வீட்டுச் சுவருக்கே உண்டு. வேறு வில் கேட்டிருக்கலாம். வில்லைக் கீழே இறக்கிவிட்டாள். ஐந்து நிமிடம் முடிந்ததும் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் நான்தான் அழுதேன். "அப்பாகிட்ட மூச்சு விடாதே. தாங்க மாட்டாரு" என்றாள் அக்கா.

அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா ஆச்சு?"

"எனக்கு வாசிக்க வரலப்பா."

ஆறு வருடம் ஓடிவிட்டது. அக்கா அப்பாவின் பட்டறையில் பலகைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறாள். வயலின் பேச்சே கிடையாது. யாராவது பழசைக் கிளறினால் அப்பா அவளை வைத்துக்கொண்டே சொல்வார்: "நான் ஒண்ணும் தடுக்கலீங்க. பாவம், அவளுக்குத்தான் தெறம பத்தல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அக்கா கையை நிறுத்தாமல், "ஆமாங்க, பத்தல" என்பாள். இப்போதெல்லாம் அதை அவளே நம்புகிறாள்.