அம்மாவை ஏமாற்றிய வங்காளப் பாராட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் கல்கத்தாவில், கரியாஹாட் கடைத்தெருச் சந்து ஒன்றில் ஒற்றை அறையில் இருந்தோம். தண்ணீர், பால், காய்கறி எல்லாவற்றுக்கும் அம்மா அந்த நெரிசலில் நடந்துதான் போவார். பிறகு அப்பாவுக்கு ஊருக்கு வெளியே சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்தது. விசாலமான இடம். காய்கறி வாசலுக்கே வந்தது. அம்மா படி இறங்கவே தேவையில்லை. ஒரே வருடத்தில் அவருடைய ரவிக்கைகள் எல்லாம் இறுக்கமாகிவிட்டன.

பக்கத்து வீட்டுப் பெண், "மாஷிமா, ஷாஸ்தோ பாலோ ஹொயேச்சே!" என்று வங்காளத்தில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அங்கே கற்ற வங்காளத்தை வைத்து உடனே அர்த்தம் சொன்னேன்: "ஆரோக்கியம் நல்லா ஆயிருக்காம்மா!"

"பாத்தியாடி, ஊர்க்காத்து!" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

ஒருநாள் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது அம்மா மூச்சு முட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது! டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இதயத்துக்கு ஒன்றுமில்லை. எடையும் சர்க்கரையும்தான் ஏறியிருக்கின்றன" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாராட்டைப் பற்றி நான் சொன்னதும் சிரித்துவிட்டார். குண்டாகிவிட்டவரை இங்கே நாசூக்காக அப்படித்தான் சொல்வார்களாம்!

சாப்பாடு மாறவில்லை; நெரிசலோடு நடையும் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது தினமும் சந்தைக்கு இருவரும் நடந்தே போகிறோம். "மெதுவா போம்மா!" என்று பின்னாலிருந்து கத்துவது நான்தான்!