அருணாதேவி அபிப்பிராயம் சொல்லவில்லை

என் சீனியர் அருணாதேவிக்கு வாய்தான் சொத்து. திருவண்ணாமலை கோர்ட்டில் இருபது வருடமாக வக்கீல். எதிர்த்தரப்பு வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லி முடித்திருப்பார். அப்படிப்பட்டவர் சமரசராகப் போகிறேன் என்று வேங்கிக்காலில் ஐந்து நாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது, பார் அசோசியேஷனில் சிரிக்காதவர்கள் இல்லை. ஜூனியர் என்பதால் நானும் கூடப் போனேன்.

காரணம் வீட்டில் இருந்தது. அவரும் கணவர் புகழேந்தியும் சரியாகப் பேசி இரண்டு வருடம் ஆகிறது. சாப்பாடு இருக்கு, சிலிண்டர் தீந்துடுச்சு, அவ்வளவுதான் பேச்சு.

"இதைக் கத்துக்கிட்டாவது அவருகிட்ட பேச வருதானு பாக்கறேன்" என்று முதல் நாள் டீ குடிக்கும்போது சொன்னார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும். அபிப்பிராயம் கூடாது. யார் பக்கமும் சாயக் கூடாது. இதுதான் பாடம். ஒத்திகை வழக்குகளில் நான் சண்டைக்காரப் பெண்டாட்டி, அவர் சமரசர். முதல் இரண்டு நாள் தீர்ப்பே சொல்லிவிட்டார். பயிற்சி தந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைப்பதற்குள் வீடு போய்ச் சேரட்டும் என்று மதியமே விட்டுவிட்டார்கள். அருணாதேவி வீட்டுக்குப் போனபோது புகழேந்தி பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

"வேலூர்ல தம்பி வீட்டுக்குப் போறேன். நான் இங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான்."

அருணாதேவி அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க இங்க இருக்கறது யாருக்கும் தேவையில்லனு உங்களுக்குத் தோணுது. அதனால கிளம்பறீங்க. நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா?"

அவர் மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரிதான்" என்று பெட்டியை மூடினார்.

கடைசி நாள் வகுப்பில் இதையெல்லாம் ஏதோ கட்சிக்காரர் கதை மாதிரி அருணாதேவி என்னிடம் சொன்னார்.

"குறுக்க பேசவே இல்ல, தெரியுமா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போகாதீங்கனு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"அது அபிப்பிராயம் ஆயிடும்ல."

சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினோம். வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், அதைப் பிரித்துப் பார்க்காமலே கேட்டார்.

"சட்டையை வெச்சுக்கிட்டு நின்னாரே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நின்னாரா?"