முருகன் அட்டைக்குள் ஒரு வாத்து

கொலை விழாத கதை எனக்குக் கதையே இல்லை. தொண்ணூறுகளில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும் மாத நாவல்களில், பத்தாம் பக்கத்துக்குள் யாராவது செத்தால்தான் வாங்குவேன். பிள்ளைகளுக்கான கதை என்றால் காத தூரம் ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பிள்ளைகளோடு மாரடிப்பது போதாதா?

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் அப்பாவுக்குக் கோட்டையூரில் மணிவிழா நடந்தது. செட்டியார் வீட்டு மணிவிழா என்றால் வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு பக்திப் புத்தகமும் அச்சடித்துக் கொடுப்பார்கள். அட்டையில் முருகன். நாங்கள் வேதக்காரர்கள், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது, சாமி படம் போட்டதை எடைக்குப் போடவும் மனசு வராது. பீரோவுக்கு மேலே போட்டேன். இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது.

ஒரு மழை ஞாயிறு. கையிலிருந்த கொலைகளெல்லாம் தீர்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் அதை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் நாலு வரி முருகன் பாட்டு. அடுத்த பக்கத்தில் ஒரு வாத்து டவுன் பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் வழக்காடியது: "முட்டைக்குள்ள இருந்தப்ப கூடையில வச்சு ஓசியிலதானே ஏத்துனீக? இப்ப மட்டும் எதுக்கு டிக்கெட்டு?"

அடி ஆத்தீ! தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பன்னிரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் முடித்தேன். ஒரு கொலைகூட இல்லை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இவ்விழாவின் மணமகள்' என்று மட்டும் இருந்தது. மணிவிழாவில் மறுபடி தாலி கட்டிக்கொண்ட ஆச்சிதான், அந்த டீச்சரின் அம்மா.

மறுநாள் டீச்சரைப் பிடித்துக் கேட்டேன்.

"எங்க ஆத்தா கதை எழுதுனாகளா? அது சாமி புத்தகம்ல! எங்க வீட்டுச் சாமி அறையில வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குப் பொட்டு வைக்கிறேன்."

விடுவேனா? அன்று சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு கோட்டையூர் பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நேரே சாமி அறைக்குப் போனார், புத்தகத்தைப் பார்க்க. நான் ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

ஆச்சி நம்பவில்லை. "நெசமாப் படிச்சீகளா? வாத்து எந்த ஸ்டாப்புல இறங்குச்சு?"

"அது எங்க இறங்குச்சு? கண்டக்டரையில்ல இறக்கி விட்டுச்சு!"

ஆச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுச் செட்டியார் முருகன் பதிகம்தான் போடச் சொன்னாக. அட்டை அவுகளுக்கு, உள்ள இருக்கிறது எனக்குன்னு பிரஸ்ஸுல நாந்தான் மாத்திக் குடுத்தேன். ஆயிரம் புத்தகம் போச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை. வையக்கூட ஆளில்லை. போன பொங்கலுக்கு, மிச்சக் கதை எழுதி வச்சிருந்த நோட்டையெல்லாம் வெந்நீர் அடுப்புல வச்சுட்டேன்."

அந்த ஆயிரம் பேரில் நானும் ஒருத்தி. என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அடுப்புல போனது நோட்டுதானே? கதை உங்க மனசுலதானே இருக்கு? சொல்லுங்க ஆச்சி, நான் எழுதுறேன். இன்னைக்கு முடியாதுன்னா நாளைக்கு வாரேன். நாளைக்கும் முடியாதுன்னா நாளன்னைக்கு வாரேன்."

"எதுக்கு? யாரு படிக்கப் போறா?" ஆச்சி எழுந்துவிட்டார்.

அப்போது சாமி அறையிலிருந்து 'களுக்'கென்று ஒரு சத்தம். பிறகு அடக்க மாட்டாமல் பெரிய சிரிப்பு. அவர் மகள்தான்.

ஆச்சி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு ஓய்கிற வரைக்கும் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேனா வச்சிருக்கீகளா?"