கடலோரத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு

எங்கள் வீட்டில் யார் வெளியூர் புறப்பட்டாலும் துணிமணிக்கு முன்னால் பூட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அடுத்தவர் பூட்டின் மேல் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. விருந்துக்குப் போகிற வீட்டில்கூட அப்பா வாசலில் தொங்கும் பூட்டைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். ஆகவே எனக்கு ஒன்பது வயதான அந்த மே மாதம் நாங்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோது, புளிச்சோற்றுத் தூக்குக்கும் சுருட்டிய பாய்க்கும் நடுவே அப்பா செய்த, மாங்காய் வடிவில் ஒரு பெரிய பூட்டும் வேனில் ஏறியது.

வேன் பெரியப்பாவின் ஏற்பாடு. குடும்பத்தில் எல்லாமே பெரியப்பாவின் ஏற்பாடுதான். அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாத்தா போன பிறகு தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர் என்பதால், அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. அப்பா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன். இன்னொன்று, அத்தை. அப்பாவின் ஒரே தங்கையான அவள் ஆசிரியப் பயிற்சியில் முதல் வருடம் முடித்திருந்தாள். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தியும் சிப்பிச் சாமானும் விற்கிற குடும்பம் ஒன்று அவளைப் பெண் கேட்டிருந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், அவளைவிடப் பதினான்கு வயது பெரியவர். மாலை நான்கு மணிக்கு நாங்கள் தங்கும் லாட்ஜுக்கே வந்து பெண் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி, அடுத்த மாதம் கல்யாணம். கடையில் உட்கார ஆள் வேண்டுமாம், அதனால் படிப்பு அதோடு நின்றுவிடும். “இன்னும் ஒரு வருசந்தானண்ணே, முடிச்சுர்றேன்” என்று அத்தை பெரியப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ரேடியோவில் வேறு ஏதோ ஊரின் வானிலையைச் சொன்னால் கேட்பதுபோல அவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

எனக்கோ இந்தக் கல்யாணம் நடந்தே தீர வேண்டும் என்றிருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் என்பது குடத்தில் அளந்து வருகிற பொருள். குழாயடியில் இடம் பிடிக்க நான் எத்தனையோ தடவை தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். அத்தை கடலோரத்துக்கு வாழப் போய்விட்டால் லீவுக்கு லீவு நான் கடலில் குளிக்கலாம். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

விடிவதற்குள் கிளம்பிய வேன் திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று உருண்டு, மதியம் வேளாங்கண்ணியில் நின்றது. இறங்கும் முன்பே வறுத்த மீன் வாசனை வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஜெபமாலை ஒரு பக்கம், காணாமல் போன பிள்ளைகளின் அறிவிப்பு மறு பக்கம். ஆள் உயர மெழுகுவர்த்திகளைச் சுமந்தபடி ஒரு குடும்பம் போனது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டம் கரும்புச்சாறு வண்டியை வளைத்து நின்றது. சங்கு, பாசிமணி, பிளாஸ்டிக் கப்பல், தென்னங்கன்று என்று வழி நெடுகக் கடைகள். எல்லோரும் எதையோ வாங்குவதிலும் எங்கேயோ போவதிலும் அவசரமாக இருந்தார்கள். அத்தை மட்டும் கடைகளுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

லாட்ஜில் மாடி அறை. மேனேஜர் கொடுத்த பூட்டை அப்பா கையில் வாங்கி, காதருகே ஆட்டிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். சாவி தொலைந்தாலும் தங்களிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார் மேனேஜர். “அதுக்குத்தாங்க வேண்டாங்கறேன்” என்று சொல்லிவிட்டு, அத்தையின் பட்டுச் சேலையும் நகையும் அறைக்குள் இருக்க, கதவில் எங்கள் மாங்காய்ப் பூட்டை மாட்டினார் அப்பா. அதன் இன்னொரு சாவி திண்டுக்கல்லில் இருந்தது. குளித்து முடித்து முதலில் வந்து சிங்காரித்துக்கொள்ள வேண்டியவள் அத்தை என்பதால், கையில் இருந்த சாவியை அவளிடமே கொடுத்தார்கள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கடலைப் பற்றி இன்றைக்கு நான் எது சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். பாவாடை முழுக்க மணல் ஏறியதும், உப்புத் தண்ணீர் மூக்கில் போனதும் ஞாபகம் இருக்கிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களைச் சுற்றி நின்றவர்கள் நாணயத்தையும் பூமாலையையும் கும்பிட்டுவிட்டு அலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்திருந்த அத்தை பிடியை விட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்துச் சற்று நேரம் பார்த்தாள். அலை திரும்பும்போது குனிந்து தண்ணீருக்குள் கையை விரித்தாள். அவள் உதடு அசைந்தது. அதுவும் ஒரு நேர்த்திக்கடன் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஈரம் சொட்டச் சொட்ட எல்லோரும் அறை வாசலில் நின்றோம். சாவி கடலோடு போய்விட்டது என்று அத்தை சொன்னாள். பெரியப்பா கத்தினார், அம்மா தலையில் கைவைத்தாள். அப்பா மட்டும் பதறவில்லை. மேனேஜரிடம் ஒரு பழைய குடையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து ஒரு கம்பியை உருவினார். அதன் முனையைக் கல்லில் தட்டி வளைத்தார். “பத்து நிமிசம்ணே” என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து அறைக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பூட்டுக்குள் ஏழு தகடுகள். ஏழும் எழுந்தால்தான் திறக்கும். கம்பி உள்ளே போக, ஒவ்வொரு தகடாக ‘டிக்’ என்று எழும்பும் சத்தத்தை நான் அவர் தோளில் சாய்ந்தபடி எண்ணினேன். ஐந்து ஆகிவிட்டது. நல்ல சேதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அவர் காதில் சொன்னேன்.

“அப்பா, அத்தை சாவியத் தொலைக்கல. மாதாவுக்குன்னு கடல்ல போட்டுச்சு.”

அவர் திரும்பவில்லை. “நீ பாத்தியா?”

“பாத்தேன். முடிச்ச அவுத்து எடுத்துப் போட்டுச்சு.”

“வேற யார்ட்டயாச்சும் சொன்னியா?”

இல்லை என்று தலையாட்டினேன். அப்பா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். வராந்தாவின் கடைசியில், உடம்போடு ஒட்டிய சேலையுடன், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவைப் பார்த்து நின்றிருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. பூட்டுக்குள் எழுந்து நின்ற தகடுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

“கடல் காத்துல உள்ள என்னமோ சிக்கிக்கிச்சுண்ணே. செத்த நேரம் ஆகும்” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு கம்பிகளை ஒடித்தார். எண்ணெய் வேண்டுமென்றார். எண்ணெய் வந்ததும் அது ஊற வேண்டுமென்று உட்கார்ந்திருந்தார். உடைத்துத் தள்ளும்படி பெரியப்பா சொன்னபோது, கொண்டியோடு கதவும் பெயர்ந்துவிடும் என்றார். மேனேஜர் உடனே அதற்கு ஒத்து ஊதினார். வேடிக்கை பார்த்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் மெல்ல அப்பாவை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். யாரோ ஒருவருடைய மகள் மாதிரி.

சரியாக நான்கு மணிக்குப் பழத்தட்டோடு ஐந்து பேர் மாடி ஏறி வந்தார்கள். அவர்கள் பார்த்தது, காலெல்லாம் மணலாக, ஈரத் தலையோடு நின்ற பெண்ணையும் ஒடிந்த குடைக்கம்பிகளுக்கு நடுவே வியர்த்து உட்கார்ந்திருந்த அவள் அண்ணனையும்தான். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

“பூட்டுச் செய்யிறவங்கன்னுல்ல சொன்னாங்க” என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மற்ற பேச்சைப் பிறகு கடிதத்தில் எழுதுகிறோம் என்று அவர்கள் படியிறங்க, பழத்தட்டும் கூடவே இறங்கியது. சமாதானம் சொல்லிக்கொண்டே பெரியப்பாவும் பின்னால் போனார். அவர் தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

“எண்ணெய் இப்பத்தான் எறங்கிருக்கு” என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் மாற்றுச் சேலையை எடுத்து வந்தாள். அத்தை அதை வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

“அண்ணே.”

“ஈரத்த மாத்து, போ. சளி புடிச்சுக்கும்.”

எனக்கு வந்த கோபம் லேசானதல்ல. ஐந்து தகடு எழுப்பியவருக்கு இன்னும் இரண்டை எழுப்பத் துப்பில்லாமல் என் கடல் கைநழுவிப் போனது. தஞ்சாவூர் தாண்டும்வரை அவரோடு பேசவில்லை. ஊர் வந்ததும் எங்கப்பாவுக்கு அவர் செய்த பூட்டையே திறக்கத் தெரியாது என்று தெருவெல்லாம் சொன்னேன். அது மற்றப் பட்டறைகளுக்கும் போய், வருகிறவர் போகிறவரெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். பெரியப்பா விருந்துக்கு விருந்து அதைச் சொல்லி மாய்ந்து போவார். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு அரத்தை எடுத்து ராவத் தொடங்குவார். பட்ட அவமானம் ஆறட்டும் என்று பெரியப்பா அந்த வருடம் வேறு வரன் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் அத்தை இரண்டாம் வருடப் படிப்புக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். அவளுடைய தகரப் பெட்டிக்கு அப்பா புதிதாக ஒரு சின்னப் பூட்டுச் செய்து மாட்டினார். வழக்கமாக இன்னொரு சாவியைப் பட்டறையில் வைத்துக்கொள்கிறவர், அன்றைக்கு இரண்டு சாவிகளையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். அத்தை அழுதாள். சாவியைக் கடலில் போடுகிறவளிடம் போய் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறாரே, இந்த அப்பாவுக்குப் பட்டும் புத்தி வரவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.