மண்ணுக்குள் நின்ற பை

லியோகாதியாவுக்குக் காளான் பிரிப்பது அலமாரிக்குள் அலமாரி திறப்பதுதான். குடைக்கு அடியில் ஸ்பாஞ்சா, தகடா? ஸ்பாஞ்சு என்றால் அநேகமாகப் பயமில்லை. தகடு என்றால் அதற்குள் இன்னொரு கேள்வி, தண்டில் பாவாடை உண்டா? பாவாடை மழையில் கழன்றும் போகும். ஆகவே அதற்குள்ளும் ஒரு கேள்வி, அடியில் பை உண்டா? பை இருந்தால் சாவுக் காளான். நாய் வேறு பூனை வேறு என்று தெரிந்துகொண்ட வயதிலேயே இதையும் கண் கற்றுக்கொண்டது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

ஆனால் போத்லாசியா வட்டாரத்தில் அவளுடைய கிராமத்தில் காளானை அடியோடு பிடுங்குகிறவனைப் பன்றி என்பார்கள். கத்தியால் மண்ணுக்கு மேலே அறுக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த வருஷமும் முளைக்குமாம். பை மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கடைசி அலமாரியைத் திறக்காமலே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள் மகராசிகள், இவளும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமை மழையில் அவள் அறுத்துவந்த பச்சைக் குடைகளில் பாவாடை இல்லை. நல்ல காளான்தான், பச்சைப் புறா என்கிற தின்னும் வகை என்று முடிவுகட்டி, வெண்ணெயில் வதக்கிக் கணவன் செவெரினுக்குப் போட்டாள். பல்வலியால் அவள் தொடவில்லை. வெள்ளி விடியலில் அவனுக்கு வாந்தி தொடங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், செவெரின்."

"சும்மா இரு லியோகாதியா. வெண்ணெய் கெட்டுப்போயிருக்கும். அங்க போனா ஊசி போட்டே கொன்னுடுவானுங்க."

சனிக்கிழமை காலை அவன் தெம்பாக எழுந்து முகம் மழித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அந்தப் பச்சைக் குடைகள் மேல் சந்தேகம் வந்தது. சாவுக் காளான் முதலில் அடிக்கும், பிறகு ஒரு நாள் விட்டுவிடும், அந்த நாளில் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். அந்தப் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரரைக் கார் எடுக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைக் காட்டுக்கு ஓடினாள். ஓக் மரத்தடியில் அவள் கத்தி விட்டுவைத்த அடித்தண்டுகள் அப்படியே நின்றன. மண்டியிட்டுப் பன்றி மாதிரியே மண்ணைக் கிளறினாள். முதல் தண்டின் அடியில், உடைந்த முட்டை ஓடு போல, வெள்ளைப் பை. அடுத்ததிலும் இருந்தது. பாவி, என் கையாலேயே போட்டேனே என்று வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது செவெரின் அடுப்பில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"எங்க போய்த் தொலைஞ்ச? பசி உயிரு போவுது."

"சட்டையப் போடு. கார் வருது, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்பத்தான் நல்லாயிட்டேனே."

"அதனாலதான்," என்று மண் படிந்த கையை விரித்து, பிடுங்கி வந்த வெள்ளைப் பையைக் காட்டினாள்.

அவனும் அந்த ஊர்க்காரன்தான். கையில் இருந்ததைப் பார்த்தான். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டையைத் தேடினான்.