டீச்சர் அனுப்பிய திருத்தம்

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் ஒரு மென்பொருள் குழுவில் சேர்ந்தேன். பார்வையற்றவர்களுக்குத் தமிழ்ப் பக்கங்களை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். எனக்கு நிரல் எழுத வராது. யார் அனுப்பியது எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று விரட்டுவதுதான் என் வேலை. அரசாங்கத்திலும் அதைத்தான் செய்தேன், சம்பளத்தோடு.

பிறகு நிதி வந்தது. முழுநேரத்துக்கு இரண்டு பேரை அமர்த்தி, சிம்மக்கல்லில் ஒரு மாடி அறை பிடித்தோம். அன்று முதல் முடிவுகள் எல்லாம் கீழே டீக்கடையில். வேலை நாளில் காலை டீக்கு எந்தத் தன்னார்வலர் வருவார்? ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர் டி. கல்லுப்பட்டி டீச்சர் ஒருவர்தான்.

கதவு எண் 12/3 என்றிருந்தால், எங்கள் மென்பொருள் அதை மார்ச் பன்னிரண்டு என்று வாசிக்கும். பள்ளி விட்டு வந்து, சமையலுக்கு நடுவே, பல வாரம் உட்கார்ந்து டீச்சர் அதற்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். முழுநேரக்காரர்களில் மூத்தவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதையே ஒரு காலைப்பொழுதில் தானே எழுதிச் சேர்த்துவிட்டு, டீச்சருடையதைத் 'தேவையில்லை' என்று மூடிவிட்டான்.

டீச்சர் போனில் சொன்னார்: "தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும் சார். படிக்கவே இல்லியே. இனி நான் வரல."

டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"அவங்க எழுதுனதப் படிச்சு, வெளக்கம் சொல்லி, திருத்தி வாங்க எம்புட்டு நேரம் சார்? அதுக்குள்ள நானே எழுதிருவேன்."

"எழுதுவ தம்பி. நிதி முடிஞ்சா?"

"வேற வேலைக்குப் போயிருவேன்."

"அப்புறம் இதை யாரு பாப்பா?"

டீயை ஊதினான். "நீங்க இருக்கீங்கல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் எழுதியதைப் படிப்பதும் சம்பள வேலைதான் என்று சொன்னேன். டீச்சரிடம், ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

ஞாயிறு கோயில் பூசை முடிந்து மாடி அறைக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவன் டீச்சரின் திருத்தத்தைத் திறந்து, வரிவரியாகத் திரையை உருட்டினான். நான் ஜன்னலுக்குப் போனேன், படியிறங்கினேன், ஏறினேன், குடிக்கப் பிடிக்காத டீயைக் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அவன் படித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வரி எதுக்கு டீச்சர்?"

"பழைய எண், புது எண்ணுன்னு ரெண்டும் சேத்து எழுதுவாங்கல்ல, அதுக்கு."

"அதுல பழசை முதல்ல எழுதிருந்தா?"

டீச்சர் திரையை உற்றுப் பார்த்தார். "அதை நான் யோசிக்கல. நகருங்க, பாப்போம்."

கைப்பையை இறக்கி மேசைமேல் வைத்தார்.