பிளாஸ்டிக் செங்கல்

வாரமெல்லாம் மரக்காணத்தில் செங்கல் சுமக்கும் சித்தாள் நான். ஞாயிற்றுக்கிழமையாவது கால் நீட்டிப் படுக்கலாமென்றால், பிள்ளைகள் இருவரும் அனுமந்தைப் பக்கம் புதிதாக வந்த பார்க்குக்கு இழுத்துப் போனார்கள். அங்கே விளையாட்டே கட்டடம் கட்டுவதுதான்! குட்டி ஜேசிபி, பிளாஸ்டிக் செங்கல், மஞ்சள் ஹெல்மெட்.

“இதுக்காடா உப்பளத்து வெயில்ல இம்மாந்தூரம் இழுத்தாந்தீங்க? வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டீங்களே!” என்று கத்தினேன்.

யார் காதில் விழுந்தது? மகள் மேஸ்திரியாகிவிட்டாள், அவள் தம்பி செங்கல் சுமந்தான். பாதியில் அவன் நின்றுவிட்டான். எங்கள் மேஸ்திரி மாதிரி திட்டப்போகிறாள் என்று பார்த்தேன்.

“கால் வலிக்குதாடா? உக்காரு. தண்ணி குடிச்சிட்டு அப்புறம் தூக்கலாம்” என்றாள்.

எத்தனையோ கட்டடங்களில் ஏறி இறங்கிவிட்டேன். அப்படி ஒரு வார்த்தையை எந்த மேஸ்திரியும் என்னிடம் சொன்னதில்லை.